விசிலுக்கு முந்தைய அரைமணி

1990 மார்ச் 17. எடின்பரோவின் மர்ரேஃபீல்டு மைதானத்தில் இங்கிலாந்து ரக்பி அணி வழக்கம்போல ஓடி வந்து களத்தில் இறங்கியது. அடுத்து ஸ்காட்லாந்து அணி வெளியே வந்தது, ஆனால் ஓடவில்லை. அணித்தலைவர் டேவிட் சோல் முன்னால் நடக்க, மற்றவர்கள் அவர் பின்னால் அடிமேல் அடி வைத்து வந்தார்கள். அந்த ஒளிப்பதிவை இன்றும் பார்க்கலாம். பார்ப்பதைவிட அதைக் கேட்பது முக்கியம். முதல் கருநீலச் சட்டை தலைகாட்டியதும் எழுகிற ஆரவாரம் எந்த உள்ளூர் அணிக்கும் கிடைப்பதுதான். இவர்கள் ஓடப்போவதில்லை என்பது கூட்டத்துக்கு உறைக்கச் சற்று நேரம் ஆகிறது. உறைத்ததும் அந்த ஆரவாரம் கனத்து, அடிவயிற்றிலிருந்து வரும் உறுமலாகிறது. ஏற்கெனவே களத்தில் இருந்த இங்கிலாந்து வீரர்கள் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று.

அன்றைய ஆட்டத்தின் பளு அப்படி. ஐந்து நாடுகள் போட்டித் தொடரில் இரண்டு அணிகளும் அதுவரை தோற்கவில்லை. சாம்பியன் பட்டம், எல்லா ஆட்டங்களையும் வென்றவருக்குரிய கிராண்ட் ஸ்லாம், பிரிட்டன்–அயர்லாந்துத் தீவுகளின் மற்ற மூன்று அணிகளையும் வீழ்த்தியவருக்குரிய டிரிபிள் கிரவுன், இவ்விரு நாடுகளுக்கு மட்டுமேயான கல்கத்தா கோப்பை ஆகிய நான்கும் ஒரே பிற்பகலில் கைமாறக் காத்திருந்தன. இங்கிலாந்து பாரிஸில் பிரான்சை 26–7 என்றும், வேல்ஸை 34–6 என்றும் நொறுக்கிவிட்டு வந்திருந்தது. அவர்கள்தான் வெல்வார்கள் என்பதே பொதுவான கணிப்பு. வென்றதோ ஸ்காட்லாந்து, 13–7. அந்த நடைதான் வென்று தந்தது என்பது பின்னாளில் வளர்ந்த கதை என்றே நினைக்கிறேன். ஆட்டத்தைத் திருப்பியது இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் டோனி ஸ்டேஞ்சர் எட்டிப் பிடித்துத் தரையில் வைத்த பந்து. நடை யாருக்காக நடக்கப்பட்டது என்று கேட்டால், எதிரணிக்காக என்பதைவிடக் கூட்டத்துக்காக என்று சொல்வேன். எப்போது, எந்தச் சுருதியில் கத்த வேண்டும் என்று அது எடுத்துக்கொடுத்தது.

கத்துவதற்கு ஸ்காட்லாந்துக்காரர்களிடம் விஷயமும் இருந்தது. மார்கரெட் தாட்சரின் அரசு தலைக்கு இவ்வளவு என்ற வரியை 1989-இல் முதலில் ஸ்காட்லாந்தில்தான் புகுத்தியது. இங்கிலாந்துக்கு அது ஓராண்டு கழித்தே வந்தது. எங்களை வைத்து ஒத்திகை பார்க்கிறார்கள் என்ற கோபம் வரி கட்டியவர், கட்டாதவர் எல்லோரிடமும் இருந்தது. இதோடு ஒரு பழைய சங்கடமும் சேர்ந்துகொண்டது. பிரிட்டிஷ் அரசியின் கீதமே இரு அணிகளுக்கும் கீதம் என்ற நிலையில், சொந்த அணிக்காக ஒலிக்கும் கீதத்தையே மர்ரேஃபீல்டு கூட்டம் கூச்சலிட்டு அமுக்கியது. அந்தப் பருவத்தில்தான் ஸ்காட்லாந்து ரக்பி ஒன்றியம் ‘ஸ்காட்லாந்தின் மலர்’ என்ற பாட்டை அணியின் கீதமாக ஏற்றது. 1314-இல் பேனக்பர்னில் ராபர்ட் புரூஸ் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் எட்வர்டைத் தோற்கடித்துத் திருப்பி அனுப்பியதைப் பற்றிய பாட்டு அது. எழுதியவர் 1960-களின் நாட்டுப்புறப் பாடகர் ராய் வில்லியம்சன். மார்ச் 17 அன்று மைதானமே அதைப் பாடியது. அதே ஆண்டு ஆகஸ்டில் வில்லியம்சன் இறந்துபோனார்.

கல்கத்தா கோப்பையின் கதையையும் இங்கேயே சொல்லிவிடலாம். கல்கத்தாவில் இருந்த வெள்ளையர் ரக்பி மன்றம் கலைந்தபோது, வங்கியில் மிஞ்சியிருந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாக எடுத்து உருக்கிச் செய்த கோப்பை அது. பிடிகள் மூன்றும் படமெடுத்த நாகங்கள். மூடிமேல் ஒரு யானை. 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இதற்காக மோதுகின்றன. 1988-இல் ஆட்டம் முடிந்த இரவு, இங்கிலாந்தின் டீன் ரிச்சர்ட்சும் ஸ்காட்லாந்தின் ஜான் ஜெஃப்ரியும் சேர்ந்து இதை எடின்பரோ தெருக்களில் பந்தாக உதைத்து நசுக்கினார்கள். ரிச்சர்ட்சுக்கு ஓர் ஆட்டத் தடை, ஜெஃப்ரிக்கு ஆறு மாதத் தடை. பகலில் எதிரிகளாக இருந்த இருவர் இரவில் சேர்ந்து குடித்துச் செய்த கூத்து. ரக்பியில் பகை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த எல்லை எப்படி அமைந்தது என்பதே இக்கட்டுரையின் விஷயம். கார்டிஃப், டப்ளின், லண்டன், எடின்பரோ எங்கே பெரிய ரக்பி ஆட்டம் நடந்தாலும் இரு நாட்டு ரசிகர்களும் கலந்தேதான் உட்காருகிறார்கள். வேல்ஸின் சிவப்புச் சட்டைக்கு அடுத்த இருக்கையில் இங்கிலாந்தின் வெள்ளைச் சட்டை. நடுவில் வேலியும் இல்லை, காவலர் வரிசையும் இல்லை. கையில் பியர் வேறு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கால்பந்து ரசிகர் களம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் குடிக்கக் கூடாது என்று 1985-இல் சட்டமே போட்டார்கள். ரக்பிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. எழுபதாயிரம், எண்பதாயிரம் பேர், காலையிலிருந்து குடித்தவர்கள், நூற்றாண்டுப் பகை உள்ள இரு நாட்டினர், தோளோடு தோள். பொதுப்புத்தியின்படி கலவரத்துக்கு வேண்டிய எல்லாம் அங்கே உண்டு. கலவரம்தான் இல்லை.

இதற்குத் தயாராக ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள்: ரக்பி கனவான்களின் ஆட்டம், ரசிகர்களும் கனவான்கள். இதை நான் நம்பவில்லை. 1913 புத்தாண்டு நாளில் பாரிஸில் ஸ்காட்லாந்து பிரான்சை வென்றபோது, கூட்டம் நடுவர் ஜான் பாக்ஸ்டரைத் துரத்தித் தாக்க முயன்றது. மறு ஆண்டு பிரான்சுடன் ஆடவே ஸ்காட்லாந்து மறுத்துவிட்டது. 1924 ஒலிம்பிக்கின் ரக்பி இறுதியாட்டம் பாரிஸையொட்டிய கொலம்பில் நடந்தது. அமெரிக்கா 17–3 என வென்றதும் பிரெஞ்சு ரசிகர்கள் பாட்டில்களை எறிந்தார்கள். அமெரிக்க ரசிகர்கள் கைத்தடி அடி வாங்கினார்கள். வென்ற நாட்டின் கீதம் கூச்சலில் மூழ்கியது. ஒலிம்பிக்கில் பதினைந்து பேர் ஆடும் ரக்பிக்கு அதுவே கடைசி ஆட்டமாகிவிட்டது. ஆக, ஆட்டத்தின் ரத்தத்திலேயே அமைதி ஓடுகிறது என்பது சரியில்லை. வர்க்கக் கணக்கும் இடிக்கிறது. இங்கிலாந்தில் ரக்பி தனியார் பள்ளிகளின் ஆட்டம் என்பது உண்மை. வேல்ஸில் அது நிலக்கரிச் சுரங்கப் பள்ளத்தாக்குகளின் ஆட்டம், இரும்பாலைத் தொழிலாளியின் ஆட்டம். அங்கேயும் ரசிகர்கள் கலந்துதான் உட்காருகிறார்கள்.

சலிப்பான காரணங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நுழைவுச்சீட்டுகளில் பெரும்பங்கு ரக்பி ஒன்றியங்கள் வழியாக ஊர்ச் சங்கங்களுக்குப் போகிறது. சங்கம் தன் உறுப்பினருக்குத் தருகிறது. யார் கையில் சீட்டு இருக்கிறது என்பது ஊரில் யாருக்காவது தெரியும். அங்கே அசிங்கமாக நடந்துகொண்டால் அடுத்த முறை சீட்டு கிடைக்காது. அடுத்து, ஒரு நாட்டு அணி இன்னொரு நாட்டுத் தலைநகருக்கு வருவது வழக்கமாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. கால்பந்து மன்றங்கள் போல வாராவாரம் மோதிக் கணக்குத் தீர்க்கும் வாய்ப்பு இல்லை. பயணம் என்பது வெள்ளிக்கிழமை புறப்பட்டு ஞாயிறு திரும்பும் சுற்றுலா. பல சங்கங்கள் எதிர்நாட்டில் ஒரு சங்கத்தைப் பிடித்துவைத்து, ஓர் ஆண்டு இவர்கள் அங்கே, மறு ஆண்டு அவர்கள் இங்கே என்று தலைமுறை தலைமுறையாகப் போய்வருகின்றன. முந்தின இரவு யாருடைய சங்கக் கூடத்தில் சாப்பிட்டீர்களோ அவர்தான் மறுநாள் உங்கள் அடுத்த இருக்கையில்.

இங்கே கூட்டங்களைப் பற்றிய ஆய்வு உதவுகிறது. 1895-இல் குஸ்தாவ் லெ போன் எழுதிய நூல், கூட்டத்தில் சேர்ந்த மனிதன் அறிவை இழந்து மந்தையாகிறான் என்றது. போலீஸ் துறைகள் வெகுகாலம் அதையே வேதமாகக் கொண்டன. சமூக உளவியலாளர் ஸ்டீபன் ரைக்கர் 1980-இல் பிரிஸ்டல் நகரின் செயின்ட் பால்ஸ் பகுதியில் நடந்த கலவரத்தை ஆராய்ந்து வேறொன்றைக் கண்டார். கலவரக் கூட்டம் கண்மண் தெரியாமல் அடிக்கவில்லை. காவலர்களையும் சில நிறுவனங்களையும் தாக்கியது, வீடுகளைத் தொடவில்லை. எது நம் செயல், எது நம் செயலல்ல என்ற வரம்பு கூட்டத்துக்கு உண்டு; மனிதன் தன்னை இழப்பதில்லை, ‘நான்’ என்பதிலிருந்து ‘நாம்’ என்பதற்கு மாறுகிறான் என்பது அவர் முடிவு. கிளிஃபர்ட் ஸ்டாட் கால்பந்து ரசிகர்களிடையே இதை மேலும் விரித்தார்: கூட்டத்தைக் குற்றவாளிகளாக நடத்தினால் அது அப்படியே திரள்கிறது, விருந்தினராக நடத்தினால் ஒழுங்கைக் கூட்டமே பார்த்துக்கொள்கிறது.

இதை ரக்பிக்குப் பொருத்தினால், ‘நாம்’ என்பது இரண்டு அடுக்காக இருப்பது தெரிகிறது. வேல்ஸ்காரன், இங்கிலாந்துக்காரன் என்பது ஓர் அடுக்கு. இருவரும் ரக்பிக்காரர்கள், கால்பந்துக் கூட்டத்தைப் போன்றவர்கள் அல்லர் என்ற கொஞ்சம் கர்வமான எண்ணம் மற்றோர் அடுக்கு. முதல் அடுக்குக்கு முழு உரிமை கிடைப்பது ஆட்டத்துக்கு முந்தைய அரைமணியில். அப்போது எதை வேண்டுமானாலும் பாடலாம், எவ்வளவு வேண்டுமானாலும் வெறுக்கலாம். பகைக்கு இப்படி நேரம் குறித்து இடமும் ஒதுக்கியிருக்கிறார்கள்.

இந்த ஒதுக்கீடு எப்போது தொடங்கியது என்பதற்குத் தேதியே சொல்லலாம்: 1905 டிசம்பர் 16, கார்டிஃப் ஆம்ஸ் பார்க். நியூசிலாந்தின் முதல் ‘ஆல் பிளாக்ஸ்’ அணி பிரிட்டனில் எதிரே வந்த அணிகளையெல்லாம் துவம்சம் செய்துவிட்டு வேல்ஸுக்கு வந்திருந்தது. ஆட்டத்துக்கு முன் அவர்கள் ஆடும் மாவோரி நடனமான ஹாக்கா எதிரணிகளைத் திகைக்க வைத்தது. வேல்ஸ் ரக்பி நிர்வாகிகளில் ஒருவரான டாம் வில்லியம்ஸ், அதற்குப் பதிலடியாக நம் வீரர்கள் ‘முன்னோர்களின் நாடு’ என்ற வேல்ஸ் மொழிப் பாட்டைப் பாடட்டும், கூட்டமும் சேர்ந்துகொள்ளட்டும் என்று யோசனை சொன்னார். கார்டிஃபின் ‘வெஸ்டர்ன் மெயில்’ நாளிதழ் அதைப் பரப்பியது. பாண்டிப்ரித் ஊரைச் சேர்ந்த தந்தை இவான் ஜேம்ஸும் மகன் ஜேம்ஸ் ஜேம்ஸும் 1856-இல் ஆக்கிய பாட்டு அது. ஹாக்கா முடிந்தது. விங் ஆட்டக்காரர் டெடி மார்கன் எடுத்துக்கொடுக்க, வீரர்கள் பாடினார்கள். சுற்றியிருந்த 47,000 பேரில் ஒவ்வொரு பக்கமாகப் பாட்டு தொற்றிக்கொண்டது. விளையாட்டுப் போட்டிக்கு முன் நாட்டுப் பாட்டு பாடும் வழக்கத்தின் தொடக்கமாக இதைத்தான் சொல்கிறார்கள். வேல்ஸ் 3–0 என வென்றது. எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைக்கும் ‘டிரை’ அன்று ஒன்றே ஒன்று; அதை வைத்தவரும் டெடி மார்கன்தான். நியூசிலாந்தின் பாப் டீன்ஸ் கோட்டைத் தொட்டாரா இல்லையா என்ற வழக்கு இன்றும் முடியவில்லை. அந்தச் சுற்றுப்பயணத்தில் ஆல் பிளாக்ஸ் தோற்றது இந்த ஓர் ஆட்டத்தில் மட்டும்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பாட்டு தானாகப் பொங்கி எழவில்லை என்பது. குழு கூடி யோசித்தார்கள், செய்தித்தாளில் போட்டார்கள், ஜனங்கள் தயாராக வந்தார்கள். தேவாலயங்களிலும் சுரங்க ஊர்ப் பாடகர் குழுக்களிலும் நாலு குரலில் பாடிப் பழகிய மக்கள் என்பதால் அது நன்றாக வந்தது.

கார்டிஃபில் இன்றும் அந்த அரைமணிக்கு மவுசு குறையவில்லை. பெரிய மைதானங்கள் ஊருக்கு வெளியே போய்விட்ட காலத்தில் இங்கே அரங்கம் நகரத்தின் நட்டநடுவில், டாஃப் ஆற்றங்கரையில், பழைய ஆம்ஸ் பார்க் இருந்த இடத்திலேயே எழுந்தது. ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை. ஆட்டத்தன்று வெஸ்ட்கேட் தெருவில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். பள்ளத்தாக்கு ரயில்கள் சிவப்புச் சட்டைகளையும், டாஃபடில் பூ வடிவத் தொப்பிகளையும், வெங்காயத் தாள் போன்ற லீக் செடியின் ஆளுயரப் பொம்மைகளையும் கொண்டுவந்து கொட்டும். 1999-இல் திறந்த இந்த அரங்கத்துக்கு மூடித் திறக்கும் கூரை உண்டு. மூடினால் பாட்டு வெளியே போகாமல் களத்தின் மேலேயே விழும். ஆகவே கூரையும் சண்டைப் பொருளாயிற்று. ஐந்து நாடுகள் தொடரின் இன்றைய வடிவமான ஆறு நாடுகள் போட்டியில் கூரையை மூட விருந்தினர் அணியின் சம்மதமும் வேண்டும் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. இங்கிலாந்தோ அயர்லாந்தோ திறந்தே இருக்கட்டும் என்றபோதெல்லாம், மழைக்காகவா பாட்டுக்காகவா என்று பத்திரிகைகள் ஒரு வாரம் எழுதின. ஆட்டத்துக்கு முன் ராணுவப் படைப்பிரிவின் ஆடு ஒன்று அலங்காரத்தோடு களத்தில் நடத்திவரப்படும். நகைச்சுவைக்கு அல்ல, அதற்குப் படையில் பதவியே உண்டு.

வேல்ஸ்–இங்கிலாந்து பகைக்குள் இருக்கும் சரக்கு ரக்பியைவிடப் பழையது. 1977-இல் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்துக்கு முன் உடை மாற்றும் அறையில் அணித்தலைவர் ஃபில் பென்னட் பேசியதாகச் சொல்லப்படும் பேச்சு இன்றும் அங்கே எல்லோருக்கும் தெரியும்: நம் நிலக்கரியை எடுத்தார்கள், எஃகை எடுத்தார்கள், தண்ணீரை எடுத்தார்கள், வீடுகளை வாங்கி ஆண்டுக்கு இரண்டு வாரம் வந்து தங்குகிறார்கள் என்று போகும் அது. தண்ணீர் என்றது வெறும் அலங்காரம் இல்லை. லிவர்பூல் நகரத்துக்குக் குடிநீர் தருவதற்காக ட்ருவெரின் பள்ளத்தாக்கில் அணை கட்டி, வேல்ஸ் மொழி பேசிய காப்பெல் கெலின் என்ற ஊரையே 1965-இல் மூழ்கடித்தார்கள். அந்தப் பேச்சைக் கேட்டவர்களில் பலருக்கு அது பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய செய்தி.

ஒதுக்கிய அரைமணிக்குள் அடங்காமல் பகை களத்தில் வழிந்த ஒரு நாளும் உண்டு. 1980 பிப்ரவரி, லண்டனில் இங்கிலாந்து அணியின் மைதானமான ட்விக்கனம். பிரிட்டிஷ் எஃகு ஆலைகளில் நாடு தழுவிய வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது; வேல்ஸின் ஆலை ஊர்களில் ஆள்குறைப்பு பயம். லண்டன் பத்திரிகைகள் அந்த வாரம் முழுக்க வேல்ஸ் ஆட்டக்காரர்களின் முரட்டுத்தனத்தையே எழுதின. ஆட்டம் தொடங்கிக் கால்மணி நேரம் ஆவதற்குள் வேல்ஸின் பால் ரிங்கர் வெளியேற்றப்பட்டார். பதினான்கு பேரோடு ஆடிய வேல்ஸ் இரண்டு டிரை வைத்தும், கடைசி நிமிடத்தில் டஸ்டி ஹேர் உதைத்த பெனால்டியால் 9–8 எனத் தோற்றது. அரங்கில் விஷம் இருந்தது என்று அங்கே இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அன்றும் களத்துக்குள் அடிதடி நடந்ததே தவிர இருக்கைகளில் நடக்கவில்லை.

இந்தத் தீவுகளில் ரக்பிக் கூட்டத்துக்கு உண்மையான ஆபத்து வெறுப்பிலிருந்து வந்ததில்லை, நெரிசலிலிருந்தே வந்தது. 1975 மார்ச்சில் வேல்ஸ் ஆட்டத்துக்காக மர்ரேஃபீல்டில் 1,04,000 பேர் திரண்டார்கள். அப்போது அது உலகச் சாதனை. நின்று பார்க்கும் படிக்கட்டுகளில் மூச்சுவிட இடமில்லை. சீட்டு முன்பதிவு இல்லாததால் வந்தவர் எல்லோரும் வாசலில் முட்டினார்கள், ஆயிரக்கணக்கானோர் உள்ளே போக முடியவில்லை. அதன் பிறகுதான் முன்கூட்டி விற்ற சீட்டு இல்லாமல் அனுமதியில்லை என்று ஆக்கினார்கள். பாடுகிறவர்களைப் பற்றி எழுதுகிற அளவுக்கு இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

டப்ளினுக்கு வருவோம். மற்ற ஊர்களில் பகை ஒரு நினைவு. 1970-களின் டப்ளினில் அது அன்றன்றைய செய்தி. 1972 ஜனவரி 30 அன்று வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் பிரிட்டிஷ் படை ஊர்வலத்தினர் மீது சுட்டுப் பதின்மூன்று பேரைக் கொன்றது. மூன்று நாள் கழித்து டப்ளினில் பிரிட்டிஷ் தூதரகம் எரிக்கப்பட்டது. அந்த ஆண்டு ஸ்காட்லாந்தும் வேல்ஸும் டப்ளினுக்கு வர மறுத்தன. தொடர் முடியாமலே நின்றது. மறு ஆண்டு பிப்ரவரியில் இங்கிலாந்தின் முறை. வந்தார்கள். லான்ஸ்டவுன் ரோடு மைதானத்தில் அவர்கள் களமிறங்கியதும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நிமிடக் கணக்கில் அது ஓயவில்லை. அப்புறம் அயர்லாந்து 18–9 என அவர்களைத் தோற்கடித்தது. நாங்கள் பிரமாதமாக ஆடாமல் இருக்கலாம், ஆனால் வந்து சேர்கிறோம் என்ற பொருளில் இங்கிலாந்து அணித்தலைவர் ஜான் புல்லின் அன்றிரவு விருந்தில் பேசியது, ஆட்டத்தைவிட அதிகமாக நினைவில் நிற்கிறது. குத்து வேல்ஸுக்கும் ஸ்காட்லாந்துக்கும் என்பது சொல்லாமலே விளங்கும்.

எல்லா ஆண்டும் இப்படி உருகியதில்லை. 2003 மார்ச் 30 அன்று அதே மைதானத்தில் கிராண்ட் ஸ்லாமுக்காக இரு அணிகளும் மோதின. முதலில் வந்த இங்கிலாந்து, அயர்லாந்து வழக்கமாக நிற்கும் பக்கத்தில் போய் வரிசையில் நின்றுகொண்டது. அதிகாரிகள் வந்து தள்ளி நிற்கச் சொன்னார்கள். இங்கிலாந்து அணித்தலைவர் மார்ட்டின் ஜான்சன் அசையவில்லை. அயர்லாந்து அணியும் விட்டுக்கொடுக்காமல், இங்கிலாந்துக்கும் அப்பால் தன் பக்கத்திலேயே போய் நின்றது. சிவப்புக் கம்பளம் அங்கே எட்டவில்லை. குடியரசுத் தலைவர் மேரி மகாலீஸ் புல்லில் இறங்கி நடந்துதான் தன் நாட்டு வீரர்களோடு கைகுலுக்கினார். கோயில் திருவிழாவில் முதல் மரியாதைக்கு நடக்கும் தகராறுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கூட்டம் கொதித்தது, ஆட்டம் தொடங்கியது, இங்கிலாந்து 42–6 என ஊதித் தள்ளியது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2007-இல், கேள்வி கம்பளத்தைவிடப் பெரியதாக வந்தது. லான்ஸ்டவுன் ரோட்டை இடித்துக் கட்டும் காலத்தில் ரக்பிக்கு டப்ளினில் இருந்த ஒரே பெரிய இடம் குரோக் பார்க். அது அயர்லாந்தின் பாரம்பரிய விளையாட்டுகளை வளர்க்க 1884-இல் தொடங்கிய கேலிக் விளையாட்டுக் கழகத்தின் மைதானம். 1920 நவம்பர் 21 காலையில் அயர்லாந்து விடுதலைப் போராளி மைக்கேல் காலின்ஸின் ஆட்கள் டப்ளினில் பிரிட்டிஷ் உளவு அதிகாரிகளைக் கொன்றார்கள். அன்று பிற்பகலே குரோக் பார்க்கில் டப்ளின்–டிப்பரரி கேலிக் கால்பந்து ஆட்டம் நடந்தபோது பிரிட்டிஷ் காவல் படையினர் உள்ளே புகுந்து சுட்டார்கள். பதினான்கு பேர் இறந்தார்கள். சிறுவர்களும் அதில் உண்டு. டிப்பரரி வீரர் மைக்கேல் ஹோகன் களத்திலேயே விழுந்தார். மைதானத்தின் ஒரு மாடத்துக்கு அவர் பெயர்தான். அயல் ஆட்டங்களுக்கு இங்கே இடமில்லை என்ற கழக விதி 2005-இல் நீண்ட வாதத்துக்குப் பிறகே தளர்ந்தது. இப்போது அதே புல்லில் பிரிட்டிஷ் அரசியின் கீதம் இசைக்கப்பட வேண்டும்.

இங்கிலாந்து ஆட வரவிருந்த பிப்ரவரி 24-க்கு முந்தைய வாரங்களில் அயர்லாந்தில் இதைத் தவிர வேறு பேச்சு குறைவு. கீதத்தை இசைக்கலாமா, இசைத்தால் எழுந்து நிற்பதா, கூச்சல் எழுந்தால் யாருக்கு அவமானம் என்று வானொலியிலும் மதுக்கடைகளிலும் வாதம் ஓடியது. ஆட்ட நாளில் வெளியே ஒரு சிறு எதிர்ப்புக் கூட்டம் நின்றது. அயல் ஆட்டங்கள் வேண்டாம் என்ற பதாகையோடு நின்றவர்களில் ஒருவர் அணிந்திருந்தது கிளாஸ்கோ நகரின் செல்டிக் கால்பந்து மன்றச் சட்டை. அந்தப் படம் நாடு முழுக்கச் சிரிக்க உதவியது.

உள்ளே எண்பதாயிரத்துக்கு மேல் கூட்டம். இங்கிலாந்தின் கீதம் தொடங்கியது. கூச்சல் எழவில்லை. வந்திருந்த இங்கிலாந்து ரசிகர்கள் பாடினார்கள், மற்றவர்கள் நின்றார்கள், முடிந்ததும் கைதட்டினார்கள். அடுத்து அயர்லாந்தின் தேசிய கீதமும், வட அயர்லாந்து வீரர்களும் சேர்ந்து ஆடும் அணி என்பதற்காக 1995-இல் எழுதப்பட்ட ‘அயர்லாந்தின் அழைப்பு’ம். முன்வரிசையில் ஆடிய ஜான் ஹேய்ஸ், எந்த ஸ்க்ரம் முட்டலிலும் கலங்காத மலை போன்ற மனிதர், கன்னத்தில் நீர் வழிய நின்றதைத் தொலைக்காட்சி நெருக்கத்தில் காட்டியது. பக்கத்தில் சக வீரர் ஜெரி ஃபிளானரியும் அழுதுகொண்டிருந்தார். அயர்லாந்து 43–13 என வென்றது. அதில் ஒரு டிரை, ரோனன் ஓகாரா குறுக்கே உயர உதைத்த பந்தை ஷேன் ஹோர்கன் எகிறிப் பிடித்து வைத்தது. கேலிக் கால்பந்தில் பிடிக்கும் பிடி அது என்று அந்த மைதானத்தின் பழைய ரசிகர்கள் உடனே அடையாளம் கண்டார்கள்.

அன்றைய அமைதியை மன்னிப்பு என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அதில் சந்தேகம். 1905-இல் பாட்டுக்கு நடந்த முன்தயாரிப்பு போலவே இங்கே மௌனத்துக்கும் நடந்தது. வாரக்கணக்கில் நாடே பேசித் தீர்த்து, எப்படி நடந்துகொள்வது என்று முடிவு கட்டிவிட்டு வந்த கூட்டம் அது. ரைக்கர் சொல்லும் வரம்பைத் தனக்குத் தானே முன்கூட்டி வரைந்துகொண்ட கூட்டம். கொஞ்சம் போட்டியும் அதில் இருந்தது: எங்கள் வீட்டில் உங்கள் கீதத்தை நாங்கள் எப்படி நடத்துகிறோம் பாருங்கள் என்பதும் ஒரு வகை வெற்றிதான்.

ஹாக்காவைச் சுற்றி நடப்பவற்றை விரிக்க வேண்டியதில்லை. அவை தொலைக்காட்சிக்கு ஏற்றவை என்பதால் எல்லோரும் பார்த்தவை. 2006-இல் ஹாக்கா, கீதம் ஆகியவற்றின் வரிசைக்கிரமம் பற்றிய சண்டையில் நியூசிலாந்து கார்டிஃபில் அதை உடை மாற்றும் அறையிலேயே ஆடியது. 2008-இல் அதே ஊரில் ஹாக்கா முடிந்தும் வேல்ஸ் வீரர்கள் நகர மறுத்து, இரு அணிகளும் முறைத்துக்கொண்டே நிற்க, நடுவர் ஜொனாதன் கப்லான் கெஞ்சாத குறை. 2011 உலகக் கோப்பை இறுதியில் அம்பு வடிவில் முன்னேறிய பிரான்சுக்கு 2,500 பவுண்டு அபராதம். 2019 அரையிறுதியில் அதுபோலவே செய்த இங்கிலாந்துக்கு 2,000 பவுண்டு. கோடிகள் புரளும் போட்டியில் இந்தத் தொகை அபராதமா, கட்டணமா? நிர்வாகிகளுக்கும் இந்தக் காட்சி வேண்டியிருக்கிறது.

அதனாலேயே இப்போது அந்த அரைமணியை நடத்த அவர்கள் ஆசைப்படுகிறார்கள். தீப்பிழம்பு, ஒளிக்கீற்று, காதைப் பிளக்கும் ஒலிபெருக்கி. பாட்டு எழும்ப வேண்டிய இடைவெளியெல்லாம் நிரப்பப்படுகிறது. எதைப் பாடலாம் என்ற பட்டியலும் வருகிறது. அமெரிக்க அடிமைமுறையில் வாழ்ந்த வாலஸ் வில்லிஸ் இயற்றியதாகக் கருதப்படும் ‘ஸ்விங் லோ’ பக்திப் பாட்டை, இங்கிலாந்து ரசிகர்கள் 1988-இல் அயர்லாந்துக்கு எதிராகக் கிறிஸ் ஓட்டி என்ற கறுப்பின வீரர் மூன்று டிரை வைத்தபோது பாடினார்கள். அதன்பின் அது ட்விக்கனத்தின் போர்ப்பாட்டாகிவிட்டது. பாடுகிறவர்களில் எத்தனை பேருக்கு அதன் பிறப்பு தெரியும் என்ற கேள்வியோடு 2020-இல் இங்கிலாந்து ஒன்றியம் ஆய்வு நடத்தியது, தடை விதிக்கவில்லை. வேல்ஸில் ஒன்றியத்துக்குள்ளேயே பெண்வெறுப்பு நிலவுவதாக 2023 ஜனவரியில் குற்றச்சாட்டு வெடித்துத் தலைமை நிர்வாகி பதவி விலகினார். அடுத்த சில நாட்களில், காதலியைக் கொல்பவனைப் பற்றிய டாம் ஜோன்ஸின் ‘டிலைலா’வைப் பாடகர் குழுக்கள் இனிப் பாடா என்று அறிவிப்பு வந்தது. அலுவலகத்தில் பெண்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்ற கேள்விக்குப் பாட்டுப் பட்டியலைத் திருத்தியது பதிலாகுமா என்று வேல்ஸிலேயே பலர் கேட்டார்கள். அறிவிப்பு கட்டுப்படுத்துவது களத்தில் நிற்கும் பாடகர் குழுவை மட்டும். 1988-இல் ட்விக்கனத்தில் யாரும் பட்டியல் கொடுத்துப் பாட்டு தொடங்கவில்லை. மேல் அடுக்கில் எந்த வரிசையில் யார் முதலில் வாய் திறப்பார் என்பதற்கு கார்டிஃபிலும் ஒன்றியத்திடம் இன்னும் விதி இல்லை.